பர்மா 1885-7 என்று பொறித்த செம்புநிறப் பதக்கம்: எங்கள் முன்னோர் சுபேதாரா, சிப்பாயா?

பெகு ரோட்டுக்காரன் கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் முன்னோர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு மேல் எனக்கு ஊர் விவரம் தெரியாது. சென்ற மாதம் என் அப்பாயி காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியை அத்தை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் திறந்தார். இரண்டு கண்டாங்கிச் சேலைகள், ஒரு பாக்குவெட்டி, 1964இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நூறு கியாட் நோட்டு ஒன்று, இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சுருக்குப் பைக்குள் இந்தப் பதக்கம் இருந்தது.

இதை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். கார்த்திகைக்கு முதல்நாள் குத்துவிளக்குகளைத் துலக்கும்போது அப்பாயி இதையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, விபூதி பூசி, சாமி படத்தின் முன் வைப்பார். இது தாத்தாவுடைய தாத்தாவின் பதக்கம் என்றும், “ராஜாவோட பல்லக்கத் தூக்குன கை வாங்குன மெடலு” என்றும் சொல்வார். ராஜா என்றால் எங்கள் வீட்டில் பர்மாவின் கடைசி மன்னர் தீபோதான். மன்னரைக் கைது செய்து கொண்டுபோன படையில் அவர் சுபேதாராக, அதாவது சிப்பாய்களுக்கு மேலான இந்திய அதிகாரியாக, இருந்தார் என்பது பெரியப்பாவின் கட்சி. இல்லை, பர்மியத் தளபதி மகா பந்துலாவோடு நடந்த சண்டையில் வாங்கியது என்று சின்னத்தாத்தா ஒருவர் சாதிப்பார்.

பதக்கத்தின் ஒரு பக்கத்தில் விக்டோரியா ராணியின் தலை இருக்கிறது. மறுபக்கத்தில் இறக்கை முளைத்த பெண் ஒருத்தி, உட்கார்ந்திருக்கும் வீரன் ஒருவனுக்கு மாலை சூட்டுகிறாள். அவர்கள் காலடியில் தாமரைப் பூ ஒன்றும் இலைகளும் இருக்கின்றன. மேலே வளைவுகள் கொண்ட ஒரு தொங்கியும், அதன்மேல் ‘பர்மா 1885-7’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பட்டையும் உள்ளன. ரிப்பன் இல்லை, அதற்குப் பதிலாக மஞ்சள் கயிறு கோத்திருக்கிறது. விளிம்பில் சாய்ந்த கையெழுத்துப்போல ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது, ஆனால் ‘சாமி’ என்று முடியும் ஒரு பெயரைத் தவிர வேறெதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

பழம்பொருள் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அசல் பதக்கம் வெள்ளியில்தான் இருக்கும், இது செம்பில் வார்த்த போலி என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, வேண்டுமானால் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அதனால்தான் சந்தேகம் வந்தது. இது அசல்தானா, எந்தப் போருக்குரியது, இதைக்கொண்டு அவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெள்ளிப்பட்டை எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகாதீர்கள். நீங்கள் வர்ணித்திருப்பதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 1854இல் ஏற்படுத்தப்பட்ட ‘இந்தியா ஜெனரல் சர்வீஸ்’ பதக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய நாணயங்களையும் பதக்கங்களையும் சேர்த்து வருபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு போருக்கும் ஒரு புதுப் பதக்கம் அடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. எல்லைப்புறச் சண்டைகள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகாது என்று கண்டு, பதக்கம் ஒன்றே, போருக்குப் போர் மாறுவது மேலே பூட்டும் பட்டை மட்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டையைச் சேகரிப்பாளர்கள் கிளாஸ்ப் என்பார்கள். ஏற்கெனவே பதக்கம் வைத்திருப்பவர் அடுத்த போருக்குப் போனால் அவருக்குப் புதுப் பதக்கம் கிடையாது, கிளாஸ்ப் மட்டும் வரும். அதைப் பழையதன்மேல் ஆணியடித்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். இப்படி 1895 வரை இருபதுக்கும் மேற்பட்ட கிளாஸ்ப்புகள் வெளிவந்தன. அவற்றில் முதலாவதே நம் ஊர்க் கிளாஸ்ப்தான்: ‘பெகு’. 1852 மார்ச் 28 முதல் 1853 ஜூன் 30 வரை நடந்த இரண்டாம் பர்மியப் போரில் இருந்தவர்களுக்கு அது கிடைத்தது. நீங்கள் பெகு ரோட்டுக்காரர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் போரில் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் சார்லஸ் ஆஸ்டன், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டனின் தம்பி. எழுபது வயதைக் கடந்த அந்தக் கிழவர் 1852 அக்டோபரில் ஐராவதி ஆற்றிலேயே வாந்திபேதியில் இறந்துபோனார். பதக்கம் ஏற்பட்டதோ அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

இனி உங்கள் பதக்கத்துக்கு வருவோம். ராணியின் முகத்தைப் பாருங்கள். நெற்றியில் அணி பூண்ட இளம்பெண்ணாக இருப்பாள். 1885இல் விக்டோரியாவுக்கு வயது 66. ஆனாலும் 1851இலேயே இறந்துவிட்ட வில்லியம் வயன் என்ற சிற்பி செதுக்கிய அதே முகத்தைத்தான் கடைசிவரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மாலை சூட்டும் தேவதையைச் செதுக்கியவர் அவருடைய மகன் லெனார்ட் வயன். ரிப்பன் கருஞ்சிவப்பு நிறம், அதில் சம அகலத்தில் இரண்டு கருநீலக் கோடுகள் ஓடும். மஞ்சள் கயிறு உங்கள் அப்பாயியின் ஏற்பாடு. அதை அவிழ்க்க வேண்டாம், அதுவும் பதக்கத்தின் கதைதான்.

உலோகம்தான் இங்கே முக்கியமான சாட்சி. ‘பர்மா 1885-7’ கிளாஸ்ப் தொடங்கித்தான் இந்தப் பதக்கத்தை இரண்டு உலோகங்களில் வழங்க ஆரம்பித்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளி. படையோடு போன சமையற்காரர், டோலி தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், துப்புரவுப் பணியாளர், கூலி ஆகியோருக்கு வெண்கலம். ஆகவே கடைக்காரர் சொன்னது தலைகீழ். செம்புநிறமாக இருப்பது போலி என்பதற்கு அடையாளமன்று. எந்த வரிசையில் நின்றவருக்கு அது கொடுக்கப்பட்டது என்பதற்கே அடையாளம். உங்கள் பெரியப்பா மனம் வருந்தக் கூடாது, ஆனால் சுபேதாருக்கு வெண்கலம் கொடுத்திருக்க மாட்டார்கள். சிப்பாய்க்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கிளாஸ்ப்புக்குரிய காலம் 1885 நவம்பர் 14 முதல் 1887 ஏப்ரல் 30 வரை. பிரிட்டிஷ் படையின் தளபதி ஜெனரல் பிரென்டர்காஸ்ட் தீபோவின் நாட்டு எல்லையைக் கடந்தது நவம்பர் 14. மின்லாக் கோட்டை விழுந்தது 17. மாந்தலேக்குள் படை புகுந்தது 28. மறுநாள் தீபோ மன்னரும் சுபயாலத் அரசியும் மாட்டு வண்டியில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தூரியா என்ற நீராவிப் படகில் ஏற்றப்பட்டார்கள். பல்லக்கு என்று ஒன்று அந்த ஊர்வலத்தில் இருந்ததாக நான் படித்ததில்லை. எண்ணிப் பார்த்தால் போர் என்பது இரண்டே வாரம். பதக்கக் காலமோ ஏறக்குறைய பதினெட்டு மாதம். மன்னரைப் பிடித்த பிறகுதான் உண்மையான சண்டை ஊர் ஊராகத் தொடங்கியது. பத்தாயிரம் பேருக்கும் குறைவாக வந்த படை அடுத்த ஓராண்டில் பல மடங்கு பெருகியது. எனவே கிளாஸ்ப்பை மட்டும் வைத்து அவர் மாந்தலே அரண்மனை வாசலில் நின்றார் என்று சொல்ல முடியாது. முதலில் வந்த படையில் போர்வீரர் 9,034 பேர் என்றும், உடன் வந்த இந்தியப் பணியாளர் 2,810 பேர் என்றும் ஒரு கணக்கு உண்டு. அந்த 2,810 பேரில் உங்கள் முன்னோர் ஒருவராக இருந்திருக்கலாம், பின்னால் வந்தவராகவும் இருக்கலாம்.

விடை விளிம்பில் இருக்கிறது. இந்தியப் படைகளுக்கு வந்த இவ்வகைப் பதக்கங்களில் பெயரைச் சாய்வெழுத்தில் வெட்டுவது வழக்கம். முதலில் தொழில் அல்லது பதவி, பிறகு பெயர், கடைசியில் பிரிவு. இருட்டறையில் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பதக்கத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். புளியை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். விளக்குக்கு நல்லது பதக்கத்துக்கு நல்லதன்று; எழுத்துகள் தேய்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மௌல்மேன் மங்கை எழுதியது:

வெள்ளிப்பட்டை ஐயா சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். பந்துலா போர், அதாவது முதல் பர்மியப் போர், என்று உங்கள் சின்னத்தாத்தா சொன்னதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் போரின் பதக்கம் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருந்தது.

1824 மே 11ஆம் தேதி ரங்கூனில் இறங்கிய படையில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வந்தது. வங்காளச் சிப்பாய்களில் பலர் கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று கருதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாரக்பூரில், பர்மாவுக்குப் புறப்படச் சொன்னபோது மறுத்து நின்ற 47ஆம் படைப்பிரிவின்மேல் பீரங்கியால் சுட்டார்கள். சென்னைப் படையினரிடம் கடலைப் பற்றிய தயக்கம் அவ்வளவாக இல்லாததால், மூன்று பர்மியப் போர்களிலும் தமிழரும் தெலுங்கரும் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவர்களில் சென்னைச் சுரங்க, பொறியியல் படையினரை இன்றுவரை ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். முதல் போரில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் கும்பெனிப் படையில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பர்மிய ஈட்டியன்று, காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும்தான்.

போர் 1826 பிப்ரவரி 24இல் யந்தபோ உடன்படிக்கையோடு முடிந்தது. அதே ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பெனி ஒரு பதக்கத்தை அறிவித்தது. அதன் முகப்பில் பிரிட்டிஷ் சிங்கத்தின் முன் ஆவாவின், அதாவது பர்மிய அரசின், வெள்ளை யானை மண்டியிட்டுக் கிடக்கும். மறுபக்கத்தில் ஷ்வேடகோன் பகோடாவைப் படை தாக்கும் காட்சி. ஒரு பனையின் கீழ்த் தளபதி ஆர்ச்சிபால்டு கேம்பல் நிற்பார், ஆற்றில் புகை விட்டுக்கொண்டு ஒரு நீராவிக் கப்பல் வரும். அது டயானா; கீழைநாடுகளில் போருக்குப் பயன்பட்ட முதல் நீராவிக் கப்பல் என்பார்கள். படத்தை வரைந்தவர் வில்லியம் டேனியல், தம் இளமையில் தஞ்சைக் கோயிலையும் திருச்சி மலையையும் நேரில் வந்து பார்த்து வரைந்துபோன அதே டேனியல். நான் பள்ளிப்பருவத்தில் அந்தப் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பகோடாவின் விளிம்புகளை நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த எழுத்து எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத எழுத்து. பாரசீகம் என்று பின்னால்தான் அறிந்தேன். தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்களின் மார்பில் குத்துவதற்குப் பாரசீகத்தில் எழுதிக் கொடுத்த அந்தக் கும்பெனிப் புத்தியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

அந்தப் பதக்கத்துக்கு ஒரு விநோதமான நிபந்தனை உண்டு. அது இந்தியப் படையினருக்கு மட்டுமே வழங்கப்பட்டது. இந்திய அதிகாரிகளுக்குத் தங்கத்திலும், மற்றவர்களுக்கு வெள்ளியிலும். அதே சேற்றில் உழன்ற வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் 1851 வரை காத்திருந்தார்கள். அப்போது ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ என்ற பதக்கம் ‘ஆவா’ என்ற கிளாஸ்ப்போடு வந்தது. அதுவும் உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்குத்தான். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஆகவே தம்பி, பந்துலா போரின் பதக்கத்தில் யானை இருக்கும், ராணி இருக்க மாட்டாள். 1826இல் விக்டோரியா ஏழு வயதுக் குழந்தை. தங்கமோ வெள்ளியோ இருக்கும், வெண்கலம் இருக்காது. பெயரும் பொறிக்கப்பட்டிருக்காது. உங்களுடையது அதுவன்று என்பதற்கு இவ்வளவே போதும்.

எங்களுடையது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரிப்பன் மாற்றித் தருகிறேன் என்று ஒரு வியாபாரி வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துப் புது ரிப்பனோடு திரும்பி வந்தது. அப்பா அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து நான் எடுத்துப் பார்த்தபோது, பகோடாவின் அடுக்குகள் மழுங்கிப்போய், பனையோலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பரப்பெங்கும் ஊசி குத்தியதுபோலச் சிறுசிறு குழிகள் இருந்தன. விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம். வார்ப்பில் எடுத்த நகலைக் கொடுத்துவிட்டு அசலை வைத்துக்கொண்டிருக்கிறார். அச்சில் அடித்த பதக்கத்தில் பள்ளமான இடமும் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும், வார்த்ததில் இருக்காது. உங்களுடையதில் அந்தப் பெண்ணின் இறக்கைக்கும் வீரனுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்தது மேடுகளைத்தான் மழுக்கியிருக்கும், பள்ளங்களை எட்டியிருக்காது. ரிப்பன் வேண்டுமானால் ரிப்பனை மட்டும் வாங்குங்கள். பதக்கத்தை யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள்.

கெமண்டைன்வாசி எழுதியது:

இவ்விடம் பதக்கத்தின் உலோகமும் ரிப்பனும் மிக நன்றாகவே விளக்கப்பட்டுவிட்டன. என் தாயார் பர்மியர், தந்தையார் தமிழர். அதனால் ‘பர்மா 1885-7’ என்ற பட்டையை என்னால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் படிக்க முடியவில்லை.

வெள்ளிப்பட்டை ஐயா ‘ஊர் ஊராகச் சண்டை’ என்று ஒரு வரியில் கடந்துபோன அந்தப் பதினேழு மாதங்களில், கொள்ளைக்காரர் என்று பெயர் சூட்டப்பட்டவர்களில் மன்னருக்காக ஆயுதம் எடுத்தவர்களும் இருந்தார்கள், ஊர்த் தலைவர்களும் இருந்தார்கள், புத்த பிக்குகளும் இருந்தார்கள். எதிர்த்த ஊர்கள் கொளுத்தப்பட்டன. 1886 ஜனவரியில் மாந்தலேயில் மரண தண்டனை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த கர்னல் ஹூப்பர் என்பவர், துப்பாக்கிகள் வெடிக்கும் அந்தக் கணத்தைப் படம் பிடிப்பதற்காகக் கைதிகளைக் காத்திருக்க வைத்தார் என்ற குற்றச்சாட்டு லண்டன் பத்திரிகையில் வெளியாகி, நாடாளுமன்றம்வரை போய், விசாரணையும் நடந்தது. அவர் யார் தெரியுமா? சென்னைப் படையைச் சேர்ந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் குந்தியிருக்கும் மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் படங்களை எடுத்ததும் அவர்தான். 1877இல் நம்மவர்கள் அவருடைய பெட்டியின் முன் இருந்தார்கள், 1886இல் பர்மியர்கள்.

பதக்கத்தைத் தூக்கி எறியச் சொல்ல நான் இதை எழுதவில்லை. துப்பாக்கி பிடிக்காதவருடைய பதக்கம் என்று தெரிந்த பிறகு எனக்கே அதன்மேல் ஒரு பரிவு வருகிறது. ஆனால் இந்த ஊரிலேயே வாழ்கிறவர் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறீர்களா என்பதைச் சற்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் பர்மிய நண்பர் அதைப் படிப்பார்.

வெள்ளிப்பட்டை மறுபடி எழுதியது:

கெமண்டைன்வாசி சொன்னது சரியே. ஒரு வரியில் கடந்தது என் பிழைதான். அந்தச் சண்டை 1887 ஏப்ரலோடும் முடியவில்லை என்பதற்குப் பதக்கமே சாட்சி. ‘பர்மா 1887-89’ என்று ஒரு கிளாஸ்ப், ‘பர்மா 1889-92’ என்று இன்னொன்று, அதற்குப் பிறகும் சின் மலைகளுக்கும் கச்சின் மலைகளுக்கும் தனித்தனிக் கிளாஸ்ப்புகள். பிடித்தாகிவிட்டது என்று 1886 ஜனவரி முதல் தேதி அறிவித்த நாட்டுக்கு, இத்தனை பட்டைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

தம்பி கேட்ட மூன்றாவது கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. இந்தியப் படைகளின் பதக்கப் பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. சென்னை மாகாண அரசின் கடிதங்களும் ஆணைகளும் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரிவின் பெயர் தெரியாமல் இரண்டு இடங்களிலும் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. ‘சாமி’ என்று முடியும் பெயர்கள் அந்தக் காலத்துச் சென்னைப் பட்டியல்களில் எத்தனை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே முதலில் விளிம்பு.

பெகு ரோட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. இருட்டறைக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. அத்தை கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்க, நான் பெரியப்பாவின் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு விளிம்பை ஒரு சுற்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மௌல்மேன் அக்கா சொன்ன சோதனையை முதலில் செய்தேன். இறக்கைக்கும் வீரனுக்கும் நடுவில் குழிகள் இல்லை. அங்கே மட்டும் இன்னும் மினுமினுப்பு இருக்கிறது. ராணியின் கன்னமும் மூக்கும் மழுங்கியிருக்கின்றன, ஆனால் கூந்தல் பின்னலின் பள்ளங்களில் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. அந்தப் பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. களிம்பு என்று நினைத்தேன். விரலில் எடுத்துப் பார்த்த அத்தை அது விபூதி என்றார்.

விளிம்பில், பெயருக்கு முன்னால், ஆங்கிலத்தில் ‘பேரர்’ என்ற சொல் முழுதாகவே தெரிகிறது. பகலில் பார்த்தபோது அதைக் கீறல் என்று விட்டிருந்தேன். அதற்கு முந்தைய சொல்லின் தொடக்கம் அழிந்துவிட்டது. கடைசியில் ‘லி’ என்ற ஒலிக்குரிய எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பெயருக்குப் பின்னால் இரண்டு சொற்சுருக்கங்கள் உள்ளன. அவற்றை இன்னும் படிக்க முடியவில்லை, நாளை பகலில் படமெடுத்துப் போடுகிறேன்.

‘டூலி பேரர்’ என்று நான் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோதுதான் அத்தை விளக்கைக் கீழே வைத்துவிட்டார். காயம்பட்டவர்களையும் காய்ச்சலில் விழுந்தவர்களையும் மூங்கில் கழியில் துணித்தொட்டில் கட்டி, நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கிப் போவார்களே, அந்த டோலி. அப்பாயி பல்லக்கு என்று சொன்னது பொய்யில்லை. டோலி என்ற சொல் அப்பாயிக்கு முந்திய யாரோ ஒருவருடைய வாயில் பல்லக்காகியிருக்கிறது. பல்லக்கு இருந்தால் அதற்குள் ஒரு ராஜா இருக்க வேண்டுமே, தீபோவை நாங்களே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டோம்.

பெரியப்பாவிடம் இன்று காலை தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சுபேதார்னா கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கோமேடா” என்றார். 1978இல் அவருடைய கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்களாம்.

கெமண்டைன்வாசி அண்ணன் சொன்னதையும் பேசினோம். சுவரில் மாட்டும் எண்ணம் எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. கார்த்திகைக்கு ஒரு நாள் சாமி அறையில் இருக்கும், மறுநாள் சுருக்குப் பைக்குள் போய்விடும். இனியும் அப்படித்தான். புளி வேண்டாம் என்றதற்கு அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கெல்லாம் பளபளவென்று இருக்கும்போது இது மட்டும் கறுத்துக் கிடந்தால் அப்பாயி மனசு கேட்குமா என்கிறார். வெள்ளிப்பட்டை ஐயா, புளியில்லாமல், எழுத்துக்குச் சேதமில்லாமல், ஒரு நாள் மட்டும் பார்வைக்குத் துலக்கமாக இருக்கும்படி ஏதேனும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளிப்பட்டை எழுதியது:

மென்மையான பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பழுப்பேறிய அந்த நிறம்தான் வெண்கலத்துக்குக் காப்பு. விபூதி இருக்கட்டும், ஆனால் ஈரமில்லாமல் பூசச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னாலுள்ள சுருக்கங்களின் படத்தை மறக்காமல் போடுங்கள். படையின் மருத்துவப் பிரிவா, போக்குவரத்துப் பிரிவா என்று தெரிந்துவிட்டால் எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று சொல்லிவிடுவேன்.